படத்தைப் பார்த்துப் பேசு

யாழ்ப்பாணத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரையே குடித்த ஒருவனைப் பற்றி, "இவருக்கு உள்ளூர்த் தமிழ் போதாது" என்று அதிகாரபூர்வமாக எழுதிக் கையெழுத்தும் வைத்த சம்பவம் ஒன்று உண்டு. அந்த ஒருவன் நான்தான். எழுதியவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் கடுமையாக எழுதியிருப்பேன்.

நான் பேச்சு, கேட்டல் சிகிச்சையாளன். ஒரு பிள்ளைக்குச் சொற்கள் வரச் சுணங்கினாலோ, ஒலிகள் இடம் மாறினாலோ, காது மந்தமாக இருந்தாலோ பள்ளிக்கூடங்கள் எங்களைக் கூப்பிடும். நல்ல தொழில். தொழிலில் ஒரு குறையும் இல்லை, பெயரில்தான் வில்லங்கம். எங்கள் ஊரில் ஒருவரோடு உரையாடுவதற்குக் 'கதைப்பது' என்று பெயர். 'பேசுவது' என்றால் ஏசுவது, திட்டுவது. "அம்மா பேசிப்போட்டா" என்று ஒரு பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தால், அம்மா அன்பாக நாலு வார்த்தை சொன்னார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. (கலியாணம் பேசுவது மட்டும் விதிவிலக்கு. அதுவும் பெரும்பாலும் ஏச்சில்தான் முடியும்.)

எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த செய்தி கேட்டு அளவெட்டியிலிருந்து பெரிய மாமா வந்திருந்தார். தேநீரை உறிஞ்சிக்கொண்டு அம்மாவைக் கேட்டார்.

"மருமோன் என்ன படிக்கப் போறான்?"

"பேச்சுப் படிக்கப் போறான் அண்ணை."

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். "அதுக்கேன் பிள்ளை கொழும்புப் பக்கம் அனுப்புறாய்? உன்னட்டை இருந்தே படிச்சிருக்கலாமே."

அதற்கு அம்மா மாமாவைப் பேசிய பேச்சில் எனக்கு முதலாவது விரிவுரை வீட்டிலேயே நடந்து முடிந்தது. ஆகவே இந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்பது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது. தெரிந்துகொண்டே போய் விழுந்தவன் நான்.

விழுந்ததற்குக் காரணம் பல்கலைக்கழகம். முதல் வாரமே நான் "கதைப்பம்" என்று சொன்னதைக் கேட்டு, மலையகத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த நண்பர்கள் "எந்தக் கதை? இராமர் கதையா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ரோசம் வந்தவன் 'கதைப்பதே என் உரிமை' என்று நின்றிருக்கலாம். நான் அன்றிரவே பேச ஆரம்பித்துவிட்டேன். படிப்பு முடிந்து ஊர் திரும்பியபோது வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல இருந்தது என் தமிழ். பேக்கரிக் கடையில் பாண் வாங்கும்போதுகூட "ஒரு இறாத்தல் கிடைக்குமா?" என்பேன். கடைக்காரர் எனக்கு மீதிக் காசை இரண்டு தரம் எண்ணித் தருவார், வெளியூர்க்காரன் என்று.

பட்டம் கிடைத்தால் வேலை கிடைத்துவிடும் என்று அம்மா நினைத்திருந்தார். பட்டம் வேறு, பதிவு வேறு. பதிவு இல்லாதவன் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை 'ஆ' என்று சொல்லச் சொல்லி வாய்க்குள் ரோச் லைட் அடிக்கவும் முடியாது. பதிவு கிடைக்க, மூத்த சிகிச்சையாளர் ஒருவரின் மேற்பார்வையில் குறித்த காலம் வேலை செய்ய வேண்டும். பிறகு கொழும்பிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவார். அவர் கண் முன்னால், ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு உண்மையான பிள்ளைக்கு முழுச் சோதனையையும் நடத்திக் காட்ட வேண்டும். பள்ளிக்கூட அதிபரும் திருப்தி என்று ஒப்பம் வைக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் எட்டுப் போட்டுக் காட்டுகிற மாதிரித்தான். அதனால் வீட்டில் எல்லோரும் அதை 'லைசென்ஸ்' என்றே சொன்னார்கள். மாகாணத்தில் ஒரு வெற்றிடம் இருந்தது. லைசென்ஸ் வந்தால் அது எனக்கு. வராவிட்டால் அம்மா வாய் திறப்பார்.

மதிப்பீட்டுக்கு நான் உயிரைக் கொடுத்துப் பாடமாக்கிய விதிகள் இரண்டு. ஒன்று, சோதனையின் அறிவுறுத்தல்களை அச்சில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். ஒரு சொல்லையும் சொந்தமாக மாற்றக்கூடாது. மற்றது, பிள்ளை வாய் திறந்து சொல்லிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழக்கூடாது, சிரிக்கவோ முகம் சுளிக்கவோ கூடாது, தலையை ஆட்டி, "ம்… இன்னும்?" என்று மட்டும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது விதியைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். அம்மா என்னைப் பேசும்போதும் பழகினேன். அந்த ஒரு கிழமை அம்மாவுக்குப் பேச்சு நீண்டுகொண்டே போனது.

சோதனை அட்டைகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. அவற்றில் பெரியது ஒரு முற்றத்துப் படம். ஒரு மாடு, மரத்தில் ஏறி மாங்காய் பறிக்கும் பையன், கிணற்றடியில் குடத்தோடு ஒரு பெண், படுத்துக் கிடக்கும் நாய். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் அறிவுறுத்தல்: "இந்தப் படத்தைப் பார்த்துப் பேசு."

எனக்கு ஒதுக்கப்பட்டது நல்லூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று. அதிபர் உயர்ந்து பெருத்த மனிதர். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்து, அசைந்துகொண்டிருக்கும் வரிசைகளைப் பார்த்துத் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார். "காது ரெண்டும் என்ன அழகுக்கோ வைச்சிருக்கிறியள்?" ஒலிபெருக்கி இருந்த உச்சத்தில், கேட்டல் சிகிச்சையாளன் என்ற முறையில் அந்தக் காதுகளைப் பற்றி எனக்கு வேறு கவலைகள் இருந்தன. ஒப்பம் வைக்க வேண்டியவர் என்பதால் சொல்லவில்லை.

அங்கே தரம் மூன்றில் தர்சிகா என்று ஒரு பிள்ளை. புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்யும் குடும்பம். அந்த வருடம்தான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாறி வந்திருந்தாள். வகுப்பாசிரியை என்னிடம் அனுப்பும்போது, "ஓம், இல்லை எண்டதைத் தவிர ஒரு சொல்லும் இல்லைச் சேர்" என்றார். முதலில் காதைப் பார்ப்பதுதான் முறை. காதுக் கவசத்தை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னேன். கருவி கொடுத்த எல்லாச் சத்தத்துக்கும் தூக்கினாள். கோயில் மணிக்குத் தூக்கினாள். நான் மேசைக்குக் கீழே ஒரு ரொபியின் உறையைப் பிரித்ததற்கும் தூக்கினாள். (பதில் சொல்லும் பிள்ளைகளுக்குக் கொடுக்க என்று ஒரு போத்தல் நிறைய ரொபி இனிப்பு வைத்திருந்தேன்.)

காதில் பிழையில்லை. அப்படியென்றால் மொழியில். முற்றத்துப் படத்தை எடுத்து முன்னால் வைத்து, செய்தி வாசிக்கும் குரலில் சொன்னேன். "இந்தப் படத்தைப் பார்த்துப் பேசு."

தர்சிகா படத்தைப் பார்த்தாள். மாட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு மன்றாட்டம் இருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பேசு" என்றேன். தலையை இல்லை என்று ஆட்டினாள். அடுத்த கிழமையும் அதே படம், அதே சொல், அதே தலையாட்டல். அதற்கடுத்த கிழமை கண் கலங்கியது. பாவம், பேச எவ்வளவு முயல்கிறாள், வரவில்லையே என்று எனக்கு நெஞ்சு உருகியது. உருக்கத்தில் நானே ஒரு ரொபியைச் சாப்பிட்டேன்.

தாயை வரச் சொன்னேன். ஸ்கூட்டியை மதிலோரம் நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு பயபக்தியோடு உட்கார்ந்தார்.

"உங்கள் மகள் வீட்டில் பேசுவாளா?"

அவர் திடுக்கிட்டுப் போனார். "ஐயோ, இல்லைச் சேர். ஒருநாளும் பேசமாட்டாள்."

"உங்களிடம்கூட?"

"என்னையோ? என்னைப் பேசுறதுக்கு அவளுக்கு வாய் வருமே!"

('என்னோடையோ' என்று கேட்காமல் 'என்னையோ' என்று அவர் கேட்டதை, இலக்கணப் பாடத்தில் தூங்காத எவனும் பிடித்திருப்பான்.)

"தங்கையோடு?"

அவர் தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல்லுறன் சேர். ஒருக்கால் பேசினவள். போன பொங்கலுக்கு. நான் வாயிலை ஒண்டு போட்டனான். அதுக்குப் பிறகு இல்லை."

என் பேனை அந்தரத்தில் நின்றது. வாயில் அடி, அதற்குப் பிறகு பேச்சு இல்லை. புத்தகத்தில் படித்த, அதிர்ச்சியில் பேச்சு நின்றுபோன நோயாளி ஒருவர் என் முதல் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்துவிட்டார் என்ற பரவசம் எனக்கு. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. எழுதி, அதற்குக் கீழே சிவப்புக் கோடும் போட்டேன்.

"ஆனால் நல்லாக் கதைப்பாள் சேர்" என்றார் தாய். "வீட்டை வந்தால் வாய் ஓயாது."

"கதைப்பது வேறு, பேசுவது வேறு அம்மா."

"அது எனக்குத் தெரியும்தானே சேர்."

"நாங்கள் அவளைப் பேசப் பழக்க வேண்டும். அதற்குத்தான் நான் வந்திருக்கிறேன்."

"பேசப் பழக்கவோ? பள்ளிக்கூடத்திலையோ?"

"ஆமாம். இதற்கென்றே அரசாங்கம் ஆட்களை நியமிக்கிறது."

"அரசாங்கமோ…" என்றபடி தலைக்கவசத்தை அணைத்துக்கொண்டு எழுந்து போனார். தாய்மார் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அவர்கள் சொல்வதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும் என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள். எந்தப் பாதியை என்று நான் கேட்டு வைக்கவில்லை.

என் அறிக்கையை வாசித்த அதிபர், அடுத்த பள்ளித் தவணையிலிருந்து தர்சிகாவைச் சிறப்புக் கல்விப் பிரிவு உள்ள வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தார். அந்தப் பிரிவில் ஒரு குறையும் இல்லை. தேவைப்படுகிற பிள்ளைக்கு அது பெரிய கொடுப்பினை. தேவையில்லாத பிள்ளையை அங்கே கொண்டுபோய் இருத்தினால் அந்தப் பிள்ளையும் கெட்டு, தேவையான பிள்ளையின் இடமும் போகும். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்று பள்ளிக்கூட வாசல் படலையடியில் அந்தத் தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, உண்மையை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சக் காலம் எடுக்கும் என்று எனக்குள் பெரிய மனிதத்தனமாகச் சொல்லிக்கொண்டேன்.

மதிப்பீட்டுக்கு எந்தப் பிள்ளையைக் கூட்டி வருவது என்ற கேள்வியே எழவில்லை. கடினமான பிள்ளையைக் காட்டினால் மதிப்புக் கூடும். முடிவு நிச்சயம். தர்சிகா வாய் திறக்க மாட்டாள், என் அறிக்கை சரியென்று நிரூபணமாகும், லைசென்ஸ் கைக்கு வரும்.

அந்த நாளும் வந்தது. மதிப்பீட்டாளர் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர், இளநீலச் சேலை, நிதானமான குரல். எல்லோரும் மேடம் என்றோம். நூலக அறையைச் சோதனைக்கு ஒழுங்குபடுத்தியிருந்தேன். இரைச்சல் கூடாது என்பதால் மின்விசிறியை நிறுத்தியாயிற்று. மேடம் ஒரு பக்கக் கதிரையில். அதிபர் பின்னால், வியர்வையைத் துடைத்தபடி. பெற்றோர் சம்மதம் கட்டாயம் என்பதால் தாய் வெளியே விறாந்தை வாங்கில் உட்கார்ந்திருந்தார். நான் வெள்ளைச் சேர்ட், புதுப் பேனை.

அட்டையை வைத்தேன். "இந்தப் படத்தைப் பார்த்துப் பேசு."

தர்சிகா வாயை மூடிக்கொண்டாள். எனக்கு உள்ளூரத் திருப்தி. விதிப்படி கொஞ்சம் பொறுத்து மறுபடி வாசித்தேன். அவள் தலையைக் குனிந்தாள். மேடம் குனிந்து, "பேசுங்க மகள், பயப்பட வேணாம்" என்றார். இல்லை. அவள் விரலால் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அதிபருக்கு வெக்கை தாங்கவில்லை. கவனம் முழுக்கக் கைக்குட்டையில் இருந்தபடியே அவரும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார். "பிள்ளை, சேரும் சொல்லுறார், மேடமும் சொல்லுறா. பேசன்!"

தர்சிகா நிமிர்ந்தாள். அதிபரே சொல்லிவிட்டார். மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"மெய்யாப் பேசட்டோ சேர்?"

நான் அவள் வாயிலிருந்து கேட்ட முதல் வாக்கியம். என் அறிக்கையின்படி அவளால் சொல்ல முடியாத வாக்கியம். மேடத்தின் பேனை நின்றது. அந்தக் கணத்தில் எனக்கு அறிக்கையும் மறந்தது, லைசென்ஸும் மறந்தது. என் கையால் ஒரு பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டது!

"ஓம், ஓம், பேசு!" என்றேன். சந்தோசத்தில் 'ஓம்' தானாக வந்தது.

"அம்மாவுக்குச் சொல்லமாட்டியளோ?"

"சொல்லமாட்டன்."

"முதல் மாட்டையோ?"

"மாட்டையும் பேசு. எல்லாத்தையும் பேசு!"

தர்சிகா எழுந்து நின்றாள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள். படத்தைப் பார்த்தாள்.

"ஏய் மாடு! உனக்குக் கண் தெரியேல்லையோ? உது ஆரின்ரை தோட்டமெண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிறாய்? அப்பா முதுகு முறிய நட்ட வெங்காயத்தை மிதிச்சுப்போட்டு வாலையும் ஆட்டுறாய். வெக்கமில்லையோ உனக்கு?"

நான் விதிப்படி தலையை ஆட்டினேன். "ம்… இன்னும்?"

"எட, மரத்திலை நிக்கிறவன்! உனக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ? விழுந்து காலை முறிச்சால் ஆர் உன்னை ஆசுப்பத்திரிக்குக் காவுறது? கொப்பரோ? அவருக்கு வேறை வேலை இல்லையோ?" மூச்சு வாங்கவில்லை. "எணை, கிணத்தடியிலை நிக்கிறவ! குடத்தை இடுப்பிலை வைச்சுக்கொண்டு ஆரைப் பாக்கிறாய்? அங்கை சோறு அடிப்பிடிக்குது!" நாயிடம் வந்தபோது கொஞ்சம் இரக்கம் காட்டினாள். "நீ படு. உனக்கென்ன, தின்னுறதும் படுக்கிறதும்."

ழகரம், ளகரம், றகரம் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி விழுந்தன. மேடம் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். படம் முடிந்துவிட்டது. இதோடு நின்றிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். ஆனால் மேடத்துக்கு இன்னும் ஒரு மாதிரி வேண்டியிருந்தது. அவர் தம் கொழும்புத் தமிழில் இனிமையாகக் கேட்டார்.

"கெட்டிக்காரி. இப்போ இந்த சாரைப் பத்திக் கொஞ்சம் பேசுங்க மகள்."

தர்சிகா என் பக்கம் திரும்பினாள். அவள் நெடுநாள் காத்திருந்திருக்க வேண்டும்.

"சேர், நான் எத்தினை தரம் தலையாட்டினனான்? காது ரெண்டும் என்ன அழகுக்கோ வைச்சிருக்கிறியள்?"

பின்னால் அதிபர் இருமினார். குரல் ஏற்ற இறக்கம், கையை நீட்டிய விதம், எல்லாம் அவருடையது. நான் தலையை ஆட்டினேன். விதி விதிதானே. "ம்… இன்னும்?"

"ஒவ்வொரு கிழமையும் வாறியள், அந்த ஒரு படத்தைத்தான் காட்டுறியள். பேசு, பேசு எண்டு ஆக்கினை. அந்த மாடு உங்களுக்கு என்ன செய்தது? வாயில்லாத சீவனைப் பேசலாமோ? ரொபியைப் பிள்ளையளுக்கெண்டு சொல்லிப்போட்டு நீங்களே முழுக்கத் திண்டு முடிச்சியள். உந்தப் பேனையை மூடி வைக்கத் தெரியாதோ? பொக்கற்றைப் பாருங்கோ, மை ஊறிக் கிடக்கு! உங்கடை அம்மா உங்களைப் பேசமாட்டாவோ?"

குனிந்து பார்த்தேன். புதுச் சேர்ட்டின் நெஞ்சில் நீலக் குளம் ஒன்று பரவிக்கொண்டிருந்தது. "ம்…" என்றேன். 'இன்னும்' வரவில்லை.

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு தாய் உள்ளே பாய்ந்தார். விறாந்தையில் எல்லாம் கேட்டிருக்கிறது. "ஐயோ சேர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ! நான் உவளை இப்பிடி வளர்க்கேல்லை! புதுப் பள்ளிக்கூடம், ஒருதருக்கும் வாய் காட்டாதை எண்டு சொல்லித்தானே அனுப்பினனான்!"

"சேர்தான் பேசச் சொன்னவர்" என்றாள் தர்சிகா, அமைதியாக உட்கார்ந்தபடி.

"பொய் சொல்லாதை! சேர்மார் ஆரும் பேசச் சொல்லுவினமோ?"

மேடம் ஒன்றும் விளங்காமல் அதிபரைப் பார்த்தார். "இந்தப் பிள்ளை ஏன் எல்லாரையும் திட்டுது?"

அதிபர் முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "மேடம், இஞ்சை பேசுறதெண்டால் ஏசுறது. நீங்கள் கேட்டது கதைக்கச் சொல்லி. பிள்ளை பேசச் சொன்னதுக்குப் பேசியிருக்கு. நானும் கவனிக்காமல் அதைத்தானே சொல்லிப்போட்டன். ஒரு குறையும் சொல்லேலாது."

மேடம் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எந்த ஊர்?"

"நல்லூர்."

"அதாவது, இந்த நல்லூரா?"

"ஓம் மேடம். அங்காலை நாலு வீடு தள்ளி."

"இங்கேயே பிறந்தீங்களா?"

"ஓம்."

அவர் நீண்ட நேரம் எழுதினார். நான் கடைசித் துரும்பைப் பிடித்தேன். "மேடம், அறிவுறுத்தலில் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாதென்று விதி."

"நீங்களா மாத்தக்கூடாது. ஊர்ச் சொல் வேணும்னா முன்கூட்டியே கேட்டு அனுமதி எடுக்கலாம். அதுவும் விதிதான். கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஏனென்றால் அந்தச் சொல் எனக்கு ஊர்ச் சொல்லாகவே படவில்லை, திருத்த வேண்டிய பிழையாகத்தான் பட்டது. அதைத்தான் அன்று முழுமையாக உணர்ந்தேன். எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி, ஒரு பெரியவன் சொன்னான் என்பதற்காகவும் ஒரு மாட்டை அநியாயமாக ஏச மாட்டேன் என்று வாரக்கணக்கில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நல்ல குணத்துக்கு நான் நோய்ப் பெயர் வைத்திருந்தேன். மையைவிட அதுதான் அதிகம் ஊறியது.

தாயிடம் போய், தர்சிகாவுக்கு ஒரு குறையும் இல்லை, எங்கேயும் மாற்றத் தேவையில்லை, பிழை முழுக்க என்னுடையது என்றேன். பிழையில்லாத செய்தித் தமிழில் அல்ல. "நான் விசரன் அம்மா, விளங்கேல்லை எனக்கு" என்றுதான் வந்தது. அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்பதான் சேர் நீங்கள் கதைக்கிறது எனக்கு விளங்குது" என்றார்.

மேடத்தின் முடிவு: பிள்ளையின் மொழி வயதுக்கு மேற்பட்ட திறமை. விண்ணப்பதாரி இன்னொரு தவணை மேற்பார்வையில் இருக்க வேண்டும். காரணம், உள்ளூர்த் தமிழ் போதாது. அதிபர் ஒப்பம் வைக்கும்போதும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் அதை அம்மா சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு, உள்ளூர்த் தமிழில் எனக்கு மேலதிக வகுப்பு எடுத்தார். அடுத்த வீட்டுக்காரர்களும் பயனடைந்தார்கள்.

அந்தத் தவணை முழுக்க அதே பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நான் வாசலில் தெரிந்தாலே தர்சிகா எழுந்து, "இண்டைக்கு ஆரைச் சேர் பேசோணும்?" என்று கேட்பாள். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். வகுப்பில் அவளுக்கு அதோடு கூட்டாளிகள் நிறைய. வாய் ஓயவில்லை என்று வகுப்பாசிரியை என்னிடமே முறைப்பாடு செய்தார். ரொபிப் போத்தலை அவளிடமே கொடுத்து வைத்தேன்.

இரண்டாம் மதிப்பீட்டில் முன்கூட்டியே அனுமதி எடுத்து, "இந்தப் படத்தைப் பார்த்துக் கதை" என்றேன். வேறு ஒரு பிள்ளை, மாட்டைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னான். லைசென்ஸ் வந்தது. அம்மா அதைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். வந்த பெரிய மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"பேச்சுக்கு அரசாங்கம் லைசென்ஸும் குடுக்குதோ பிள்ளை?"

"ஓம் அண்ணை. பதிவு இல்லாமல் ஒருதரும் பேசேலாதாம்."

"அப்ப நீ இவ்வளவு காலமும் லைசென்ஸ் இல்லாமலோ ஓடினனி?"

மாமா அன்று சாப்பிடாமல்தான் போக வேண்டி வந்தது.

இப்போது அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் கலியாணப் படம் தொங்குகிறது. இந்தக் கதை முழுவதையும் என் மனைவிக்கு அம்மா முதல் கிழமையிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம் வராமல் என்னை எப்படிப் பேசுவது என்று அவள் அதிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் மீன் வாங்க மறந்து வந்தாலோ, பேனையை மூடாமல் சேர்ட்டைத் தோய்க்கப் போட்டாலோ, அவள் என் பக்கம் திரும்பவே மாட்டாள். நேரே முன்னறைக்குப் போய், கையை இடுப்பில் வைத்து, கலியாணப் படத்தில் மாலையும் கழுத்துமாக இளித்துக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து ஆரம்பிப்பாள். ஏன் பேசுகிறாய் என்று கேட்டால், "உங்களையோ பேசுறன்? நான் படத்தைப் பார்த்தெல்லோ பேசுறன்" என்பாள்.

நேற்றும் பேசினாள். மீன்தான். அம்மா குசினிக் கதவில் சாய்ந்து நின்று, லைசென்ஸ் உள்ளவன் என்ன செய்யப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் விதிப்படி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தைச் சுளிக்காமல், தலையை ஆட்டினேன்.

"ம்… இன்னும்?"